செவ்வந்திக்கு ரெண்டு கோடு

இதை நான் வாயால் சொன்னால் ஏழு வீட்டுக்கும் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டுவது எனக்கு மெதுவாகத்தான் வரும், ஆறாவதோடு நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் பாப்பா தூங்குகிற நேரத்தில் நாலு வரி, உலை கொதிக்கிற நேரத்தில் நாலு வரி என்று எழுதி எழுதி இந்த நோட்டு பாதி ஆகிவிட்டது.

நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் லைன் வீடு. ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளமாக ஓட்டுக் கூரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் அகலத்துக்குச் சுவர், முன்னால் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். முதல் வீடு எங்களுடையது. ரெண்டாவது வீட்டில் என் வீட்டுக்காரரின் அக்கா ராக்கம்மா மதினி இருக்கிறார். அஞ்சாவதில் தவசி மாமா, மில்லில் வாட்ச்மேன், ராத்திரி டூட்டி, பகல் தூக்கம். கடைசி வீட்டில் குருவம்மா சித்தி. கல்யாணமாகிப் பதினெட்டு வருசமாகியும் அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். பாப்பா வயிற்றில் அஞ்சு மாசமாக இருந்தபோது போனவர். மதினியின் டச் போனில் வீடியோ போட்டால், மில் சுவர் மறைக்கிறதோ என்னவோ, பாப்பா முகம் கட்டம் கட்டமாக உடைந்து, மூக்கு ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாக நின்றுவிடும். என்னிடம் இருப்பது பட்டன் போன். "சித்திரையில வரும்போது உனக்கும் ஒரு போன் கொண்டாரேன், அதுக்கு முன்னாடி வீட்டுல வைஃபை போட்டு வையி, பிள்ளை முகத்தை முழுசாப் பாக்கணும்" என்றார் அவர். நான் "ம்" என்றேன். அவரிடம் நான் பேசுவது அவ்வளவுதான், ம் தான்.

அப்படித்தான் மாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கேபிள்காரர் துரைக்கண்ணு அண்ணன் தோளில் வயர்ச் சுருளோடும் கையில் அட்டைப் பெட்டியோடும் வந்தார், வந்து ஜன்னல் கட்டையில் துளை போட்டார், போட்ட துளை வழியாக மெல்லிசான கருப்பு வயரை உள்ளே இழுத்தார், இழுத்து அந்த வெள்ளைப் பெட்டியில் செருகினார். பெட்டிக்கு ரெண்டு கொம்பு. நெற்றியில் ஒரு லைட்டு, ஆரஞ்சுக் கலரில் மினுக்கிக்கொண்டிருந்தது. துளை போட்ட சத்தத்துக்குப் பயந்து பாப்பா என் இடுப்பில் இருந்து ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். கூட நின்ற மதினி, குடம் நிரம்பிவிடும் என்று குழாயடிக்குப் போன நேரம், அண்ணன் தன் போனைப் பார்த்தபடியே கேட்டார்.

"பேரு வைக்கணும்மா. என்ன பேரு?"

"இன்னும் வைக்கலண்ணே."

"வைக்காம எப்படி? பேரு வச்சாத்தான எல்லாருக்கும் தெரியும்."

"அவுக சித்திரையில வாராக. வந்த பிறகு..."

"அவரு வர்ற வரைக்கும் பேரில்லாமயா கிடக்கும்? நீங்க மனசுல என்ன நெனச்சிருக்கீங்களோ அதைச் சொல்லுங்க."

மனசில் என்ன நினைத்திருக்கிறாய் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பேர் வைப்பது அத்தைக்காரியின் உரிமை, அத்தைதான் பிள்ளையின் காதில் மூணு தரம் பேரைச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அந்தப் பேர் வேறு யார் காதிலும் விழக்கூடாது. மதினி வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனாலும் இறந்துபோன தன் அம்மாவின் பேரைத்தான், சீனியம்மாள் என்று, முடிவு செய்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். நான் வேறு ஒரு பேரை நாக்குக்கு அடியில் வைத்திருந்தேன். மசக்கையில் சோற்று வாசனை, சோப்பு வாசனை, மில் எண்ணெய் வாசனை எல்லாம் குமட்டியபோது ஒரே ஒரு பூவின் வாசனை மட்டும்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தப் பூ.

"செவ்வந்தி" என்றேன்.

அவர் தட்டினார். "நல்ல பேரும்மா. ஊர்ல எல்லாப் பெட்டிக்கும் நடிகர் பேராத்தான் வைக்கிறாங்க" என்றார்.

பெட்டிக்கா? இல்லண்ணே, பிள்ளைக்குன்னு நெனச்சுல்ல சொன்னேன் என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் என் வாய் எப்போதும் ஒரு வார்த்தை பிந்தித்தான் திறக்கும். திறப்பதற்குள் ஆரஞ்சு லைட்டு பச்சையானது, பச்சையான அதே நிமிசத்தில் பாப்பாவின் அழுகை, கத்தரியால் நறுக்கியது போல நின்றது. பாப்பா நிறுத்தவில்லை. வாய் திறந்துதான் இருந்தது, உள்நாக்கு துடித்தது, கண்ணீர் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை.

"இப்ப பாஸ்வேர்டு. யாருக்கும் சொல்லாத வார்த்தை ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார் அண்ணன்.

அப்படி என்னிடம் இருந்தது ஒன்றுதான், அதைத்தான் சொல்லிவிட்டேனே. அண்ணனே ஒண்ணிலிருந்து எட்டு வரை போட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினார். திரும்பி வந்த மதினியின் போனை வாங்கி வைஃபையில் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மதினி அதை இடுப்பில் செருகினார்.

"ஏய், யாருடி இது என் இடுப்புல அழுகுறது?" என்றார் மதினி.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டே லைட்டைப் பார்த்தார். "பச்சையாத்தான இருக்கு. பச்சையா இருந்தா கம்ப்ளைண்ட் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் மூணாவது வீடும் நாலாவது வீடும் வந்து காலண்டர் தாளைப் பார்த்துப் போனார்கள், மறுநாள் அஞ்சும் ஆறும், அதற்கு மறுநாள் ஏழு. முடியாது என்று சொல்ல எனக்கு வராது. இப்படி என் பட்டன் போனைத் தவிர லைனில் இருந்த அத்தனை போனிலும் செவ்வந்தி சேர்ந்துகொண்டாள். பாப்பா அழுதால் ஆறு வீட்டிலும் அழுகை, சிரித்தால் ஆறு வீட்டிலும் சிரிப்பு, விக்கினால் ஆறு போனும் மாடத்திலும் டிவி மேலேயும் இருந்து விக்கின. என் மடியில் மட்டும் ஒன்றும் இல்லை.

இதைப் பற்றி லைனில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. புதுசாக ஒரு பெட்டி வந்தால் புதுசாக ஒரு தொந்தரவு வரும், மிக்சி வந்தபோது அதைப் போட்டாலே பக்கத்து வீட்டு டிவியில் கோடு ஓடியதே, அந்த மாதிரிதான் என்றார்கள். குழாயடியில் குடத்துக்கு வரிசை போட்டபடி பேசிக்கொண்டார்கள். "உங்க வீட்டுல செவ்வந்தி எப்படி எடுக்குது?" "எங்களுக்கு நாலு கோடு. விரல் சப்புற சத்தம்கூடக் கேக்குது." "எங்களுக்கு ரெண்டு கோடுதான், அழுகை பாதியில பாதியில விட்டு வருது." தவசி மாமாதான் கோபப்பட்டார். "ஏத்தா, ராத்திரி பூரா முழிச்சிட்டு வந்து கண்ணை மூடினா, தலமாட்டுல உம்மகள் கத்துறா. வைஃபையை ஆஃப் பண்ணிட்டா பேரன் வீடியோ கேட்டுக் கத்துறான். நான் எந்தக் கத்தலைக் கேக்க?" என்றார். ஆனால் ஒரு வாரத்தில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் பாப்பாவின் அழுகையைப் படித்துக்கொண்டார். படுத்த இடத்தில் இருந்தே கத்துவார், "ஏத்தா, இது பால் அழுகை இல்லை, எறும்பு கடிச்ச அழுகை, துணியை உதறு!" உதறினால் எறும்பு இருக்கும்.

எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. வாய் இங்கே, சத்தம் அங்கே. பாப்பாவை அணைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்திருப்பேன், அது அழுகிறதா கொட்டாவி விடுகிறதா என்று தெரியாது, சுவரில் காதை வைத்துக் கேட்பேன், மதினி மில் ஷிப்டுக்குப் போயிருந்தால் மூணாவது வீட்டுக்கு ஓடுவேன், அது பூட்டியிருந்தால் நாலாவது. கல்யாணமாகி வந்து மூணு வருசத்தில் படி ஏறாத வீட்டுக்குள் எல்லாம் பிள்ளையோடு போய் நின்று, "என்ன சொல்லுறா?" என்று என் பிள்ளையைப் பற்றி அடுத்தவர்களிடம் கேட்டேன். அவர்கள் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லத்தா, தூக்கத்துக்குச் சிணுங்குறா. காப்பி குடிக்கிறியா?" என்பார்கள். மதினி போனை வாங்கிப் பாப்பா வாய்க்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். பக்கத்தில் வைத்தால் சத்தம் பக்கத்தில் இருந்து வந்தது, வாயில் இருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் என் வீட்டுக்காரருக்குப் பாப்பா முகம் முழுசாகத் தெரிந்தது. மதினியின் போன் என்பதால் அழுகையும் அதில் இருந்தே போனது.

"நல்லாத்தான இருக்கா. சத்தம் கணீர்னு கேக்குதே. உனக்கு என்னதான் பிரச்சினை?" என்றார்.

நான் "ம்" என்றேன். மஸ்கட்டுக்குக் கேட்கிறது, மடிக்குக் கேட்கவில்லை என்பதை ஒரு ம்-இல் எப்படிச் சொல்வது?

மதினிக்குச் சத்தம் போனதைவிடப் பேர் போனதுதான் பெரிய குறை. "யாரைக் கேட்டு அந்தப் பேரைச் சொன்ன? நான் அத்தைன்னு ஒருத்தி கல்லாட்டம் இருக்கும்போது, கேபிள்காரன் வந்து பேரு வச்சிட்டுப் போறானா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து வந்து பாப்பாவைத் தூக்கி, சீனியம்மா, சீனியம்மா, சீனியம்மா என்று காதில் மூணு தரம் சொன்னார். பாப்பா மதினியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் குழாயடியில் யாரோ "செவ்வந்தி இன்னைக்கு ரொம்ப ஸ்லோ" என்றார்கள். பாப்பா கழுத்தைத் திருப்பிப் பொக்கை வாயால் சிரித்தாள். மதினியின் போனும் சிரித்தது. மதினி என்னை முறைத்தார்.

"அப்ப ஆஃப் பண்ணிப் பாருடி" என்றார்கள் சிலர். அதற்கு ஒரு நாள் தானாக வந்தது. பங்குனி மாசம், ஒரு மத்தியானம் மூணு மணி நேரம் கரண்ட் போனது. பெட்டியின் நெற்றி இருண்டது. பாப்பாவுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், அழுதாள். ஆறு வீட்டுக்கும் ஓடினேன், ஆறு போனும் ஊமையாகக் கிடந்தன. அதுவரை வேறு வீட்டிலாவது இருந்த சத்தம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. அந்த மூணு மணி நேரமும் நான் வாசலில் உட்கார்ந்து அந்தச் சின்ன வாய் திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் வந்ததும், சேர்ந்துபோன மூணு மணி நேர அழுகையும் ஒரே மூச்சில் ஆறு போனிலும் கொட்டியது, தவசி மாமா கட்டிலில் இருந்து கீழே விழுந்தார். அதற்குப் பிறகு ஆஃப் பண்ணு என்று யாரும் சொல்லவில்லை.

இப்படியே இருந்திருப்பேனோ என்னவோ. குருவம்மா சித்தி ஒரு நாள் குடத்தோடு வந்து என் பக்கத்தில் நின்றார். சித்தி வீட்டில் செவ்வந்தி ஒரு கோடுதான் காட்டுவாள், அதுவும் ஜன்னல் கம்பியில் போனைச் சாய்த்து வைத்தால்தான், ஆனாலும் சித்தி ஒரு நாளும் போனை அந்தக் கம்பியை விட்டு எடுத்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிக்கேன்த்தா" என்றார். "முந்தாநாள் அரிசி புடைச்சிட்டு இருந்தேன். உம்மகள் 'ம்மா'ன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. எனக்கு லைன் வீக்கு பாரு, சரியாக் கேக்கல. ஆனா எனக்கு... நான் 'என்ன'ன்னு கேட்டுட்டேன்."

சித்தி முகத்தில் திருடி மாட்டிக்கொண்டவரின் முகம் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, வந்தது என்னவென்றும் தெரியவில்லை. பாப்பாவின் முதல் வார்த்தை பாப்பாவை விட்டுப் புறப்பட்டு, ஆறு சுவர் தாண்டி, ஒரு ஜன்னல் கம்பியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு நான் கேபிள் ஆபீசுக்கு நடந்தேன். தனியாக ஒரு கடைக்குள்கூட நுழைந்து பேசாதவள். துரைக்கண்ணு அண்ணன் முன்னால் போய் நின்று, "பேரைத் திருப்பிக் குடுங்கண்ணே" என்றேன்.

அவர் வந்தார். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. "ஒரு பேரு ரெண்டு இடத்துல இருக்கிறதாலதான்மா தகராறு. பெட்டிக்கு வேற பேரு வச்சிட்டா, இந்தப் பேரு சும்மா ஆயிரும். பிள்ளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். லைன் முழுக்க எங்கள் வீட்டு வாசலில் கூடி நின்றது. அவர் பழைய பேரை அழித்தார். லைட்டு ஆரஞ்சானது, ஆறு போனும் அடங்கின.

முதலில் 'லைன் வீடு' என்று போட்டார். ஆரஞ்சு மாறவில்லை. மில்லின் பேரைப் போட்டார், நம்பரைப் போட்டார், சாமி பேரைப் போட்டார். மாறவில்லை. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா பேரைப் போடுங்க" என்றார். சீனியம்மாள் என்று போட்டதும் ஆரஞ்சுகூட அணைந்துபோனது. "இறந்துபோனவுகளுக்கு எடுக்காது போல" என்று அழித்தார் அண்ணன். பிறகு நெற்றியைச் சொறிந்தார். "ஒரு தடவை ஆள் பேரு வச்சுப் பழக்கிட்டோம். இனி ஆள் பேருக்குத்தான் பச்சையாகும்."

யார் பேரை வைத்தாலும் அவர் சத்தம் போனுக்குப் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். தவசி மாமா ஓரடி பின்னால் போனார். "என் சத்தம் போயிட்டா மில் கேட்டுல நின்னு யாருடா அதுன்னு எப்படிக் கேக்குறது?" என்றார். "நான் பேசலைன்னா இந்த லைனுக்குப் பொழுதே விடியாது" என்றார் மதினி, அது நிஜம்தான். குருவம்மா சித்தி தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தார், ஆனால் அவர் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என் இடுப்பில் பாப்பா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். எந்தப் போனிலும் அந்த அழுகை இல்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏம்மா, உங்க பேரு என்ன?"

வாசலில் ஒருவருக்கும் தெரியவில்லை. லைனில் நான் ஏத்தா, மதினிக்கு நான் ஏய், அவருக்கு நான் இந்தா. "அதென்னமோ சொல்லுவாகளே, கல்யாணப் பத்திரிகைல போட்டிருந்துச்சே" என்று மதினி புருவத்தை நெரித்தார். பள்ளிக்கூடத்தில் கிழவி பேரு, கிழவி பேரு என்று கேலி செய்ததில் இருந்து நானே அதைச் சொல்வதில்லை.

"வேலுத்தாய்" என்றேன்.

"கேக்கலம்மா."

"வேலுத்தாய்."

"ஃபேன் சத்தத்துல ஒண்ணும் விழுகல. பெட்டி பக்கத்துல வந்து சொல்லுங்க."

பெட்டியின் ரெண்டு கொம்புக்கும் நடுவில் முகத்தை வைத்து, மூணாம் தரமாகச் சொன்னேன். அதுதான் என் வாயில் இருந்து வந்த கடைசிச் சத்தம்.

பச்சை வந்தது. பாப்பாவின் அழுகை, சூடாக, எச்சிலோடு, என் காதுக்குள்ளேயே வெடித்தது. நாற்பது நாளாக என் மடியில் கேட்காத சத்தம், காது வலித்தது, வலிக்கட்டும் என்று அவள் வாயோடு காதை ஒட்டிக்கொண்டேன். பிறகு மதினியைப் பார்த்தேன். மதினி பாப்பாவின் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டு, "சொல்லித் தொலை. எனக்குப் பதிலா நீ சொல்லு" என்றார். நான் பாப்பாவின் காதில் வாயை வைத்து, உதட்டை மூணு தரம் அசைத்தேன். செவ்வந்தி, செவ்வந்தி, செவ்வந்தி என்று ஆறு வீட்டுப் போனில் இருந்தும் என் குரல் சொன்னது.

"அடியாத்தே, இவளுக்கு இப்படி ஒரு சத்தமா!" என்றார் தவசி மாமா.

இதற்கும் லைன் பழகிவிட்டது. இப்போது குழாயடியில், "வேலுத்தாய் இன்னைக்கு நல்லா எடுக்குறா" என்கிறார்கள். குழம்பை ருசி பார்த்துவிட்டு எனக்குள் முணுமுணுத்தால், "ரெண்டு கல்லு உப்புப் போடுத்தா" என்று அஞ்சாவது வீட்டில் இருந்து பதில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில், மதினியின் போனில் இருந்து என் குரல் பேசப் பேச, அவர் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்கிறார். "இம்புட்டுப் பேச்சையும் எங்க வச்சிருந்த?" என்கிறார். அவர் பேரையும் சொல்லிப் பார்த்தேன். என் வாய் சொல்லவில்லை, போன்தானே சொல்கிறது, அதனால் மதினிகூட ஒன்றும் சொல்லவில்லை. குருவம்மா சித்தி வீட்டுக்குத் தினமும் மத்தியானம் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறேன். சித்தி ஜன்னல் கம்பியில் இருந்து போனை எடுக்கவே இல்லை. "நீ தாலாட்டுப் பாடுறது எனக்கு ஒரு கோட்டுல கேக்குதுத்தா. என்னையவும் அதுல தூங்க வையி" என்கிறார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்கிறார்கள். எனக்குத்தான் இன்னும் குழப்பம்.

நேற்றுக் காலையில் செவ்வந்தியைத் தரையில் உட்கார வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் "ம்மா" என்றாள். தெளிவாக, நாலு கோட்டுக்கும் மேலே, அவள் வாயில் இருந்தே சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. மதினி வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் "என்னடா தங்கம்" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து "என்னடா தங்கம்" வந்தது. அவள் சுவரைப் பார்த்துச் சிரித்தாள், தவழ்ந்து போய் அதைத் தட்டினாள். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி வந்தாள், மடியில் ஏறினாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் மறுபடியும் கூப்பிட்டேன். அவள் என் உதடு அசைவதைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். பிறகு தன் நாலு விரலையும் என் வாய்க்குள் விட்டு, நாக்குக்கு அடியில், ரொம்பப் பொறுமையாக, தேட ஆரம்பித்தாள்.